ஊட்டு நடுவுல ஒரு அய்லேண்டு

...அதத்தான் கேக்கறேன், எண்ணத் தெரியாதவனெல்லாம் எதுக்கு மேஸ்திரின்னு சொல்லிக்கினு கரணையத் தூக்கினு திரியணும்? ரவ கால மடக்கிக்கம்மா, ஸ்டூலு இடிக்குது. ஆங், அப்டித்தான். அந்தப் பையையும் மிதிச்சிடாத, உள்ள புது வேட்டி கீது. ப்ராட்வேல வாங்கி ரயிலுல ஏத்துன அலுப்பு இன்னும் தீரல எனக்கு. ஒரு ஸ்டூலு குடுப்பான்னா, ஜோடியாத்தான் குடுப்பேன், பிரிக்க மாட்டேன்னு நிக்கிறான் கடைக்காரன். கஸ்மாலம். இன்னா, புருசன் பொண்டாட்டியா அது, பிரிக்கக் கூடாதுன்றதுக்கு? காலப் பாரேன் அதுக்கு, கொக்குக் காலு. இதுல ஏறி குந்தறதுக்கே ஏணி வேணும் போல கீது.

இன்னாத்துக்குன்னுதான பாக்கற? எங்க ஊட்டுல அய்லேண்டு கீது. அதுக்கு.

சிரி, சிரி. நானும் அப்டித்தான் சிரிச்சேன். எம் மருமவ நர்மதா மொத தபா செல்லுல காட்டசொல்ல, 'அத்தை, இதாங் கிச்சன் அய்லேண்டு'ன்னா. அப்டின்னா இன்னாடின்னேன். தீவுன்னா. தீவாம்! நம்ப பக்கம் டிசம்பர்ல நாலு நாளு மழை பேஞ்சா ஊரே தீவுதான், அத்தத் தனியா வேற கட்டணுமான்னு கேட்டேன். அதுக்கு ஒரு சிரிப்பு. அந்தப் பொண்ணு இப்டித்தான், பதிலு சொல்லாது, சிரிக்கும்.

நல்லாக் கேளு. சமையக்கட்டுன்னா இன்னா? செவுத்தோரமா ஒரு மேடை, அதும்மேல அடுப்பு, மொகத்த செவுத்துப் பக்கம் வெச்சினு சமைக்கிறது. யாரு வந்தாலும் போனாலும் நம்ப முதுகுதான் தெரியும். நிம்மதி. அது ஆவாதாம். ரூமு நடுவுல இடுப்பு ஒசரத்துக்கு செங்கல்லு வெச்சி கட்டி, மேல கறுப்பு கிரானைட்டு போட்டு, அடுப்ப நடுவுல வெக்கணுமாம். அந்த மேடையே ஒரு பக்கமா நீண்டு வந்து சாப்பாட்டு டேபிளு ஆயிடுமாம். சமைக்கிறவ இந்தாண்ட, துன்னறவங்க அந்தாண்ட. மூஞ்ச மூஞ்ச பாத்துக்கினு. 'எல்லாரும் ஒண்ணா குந்தி பேசிக்கினே சாப்பிடலாம் அத்தை'ன்னா. பேசறதுக்கு இன்னா கீது எங்க ஊட்டுல? எங்க ஊட்டுக்காரரு ஏழுமலை வாயத் தொறந்தா யூரியா, போர்வெல்லு, கரண்ட்டு, இந்த மூணுதான். எம் புள்ள முரளி, சிப்காட்டுல சூப்ரவைசரு. அவன் வாயத் தொறந்தா கொட்டாவிதான் வரும்.

நீயும் சிப்காட்டு தானா? செகண்டு ஷிப்டா? அப்டியா. எம் மருமவளும் அங்கதான், வேற கம்பெனி, செக்கிங்கு. காலைல அஞ்சரைக்கெல்லாம் கம்பெனி பஸ்ஸு. அவ போன பிற்பாடு ஊட்டுல எல்லாம் நானுதான்.

சரி, கட்டறதுன்னு முடிவாயிடுச்சி. கவரப்பேட்டையாண்ட எங்க நெலத்த ஒட்டி மனை, அதுல ஊடு. முரளிக்கு பொண்டாட்டி சொன்னா வேதம். தொடப்பத்த எடுத்து நடு ஊட்டுல நட்டு வெய்யின்னு அவ சொன்னாலும் தண்ணி ஊத்துவான். கட்டனது துலுக்காணம் மேஸ்திரி. அந்த ஆளு இருவது வருசமா எங்க பக்கத்துல மாட்டுக் கொட்டாயும் பம்பு செட்டு ரூமும் கட்டினவரு. அவராண்ட போயி செல்லக் காட்டனா, திருப்பித் திருப்பிப் பாக்கறாரு. தலைகீழா புடிச்சிக்கினு பாக்கறாரு. 'தோ, கெணத்தாண்ட தண்ணித் தொட்டி கட்டறோமே, அத்தத் தூக்கி ஊட்டுக்குள்ள வெக்கணும், அவ்ளோதானம்மா'ன்னாரு.

கட்டியாச்சி. இப்ப இன்னா ஆவுதுன்னு கேளு. கடுகு தாளிச்சா நேரா தட்டுல வந்து வியுது. கருவாட்டுக் கொயம்பு வெச்சா, பொக மூஞ்சில அடிச்சி எங்க ஊட்டுக்காரரு கண்ணத் தொடச்சிக்கினு சாப்புடறாரு. பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க? கொயம்பு காரம்னு இல்ல, கொடுமக்காரி ஊட்டுல மாட்டிக்கினான்னு நெனப்பாங்க. அதுக்கு மேல ஒரு சிம்னியாம். போட்டா ரயிலு வர்ற சத்தம். அப்பறம் எங்கேர்ந்து பேசறது, ஒண்ணா குந்தி?

சீட்டு கீதே, சீட்டு, அத்தச் சொல்லணும் உனுக்கு. செல்லுல காட்டன படத்துல தோ இந்த மாரி கொக்குக் கால் ஸ்டூலுதான். இதெல்லாம் ஒரு வருசம் தாங்குமா? எங்க ஊட்டுல பிளாஸ்டிக் சேரு எத்தினி ஒடிஞ்சிருக்கும்னு நெனைக்கிற? நெல்லு மூட்டைய அதும்மேல வெப்பாங்க, வேப்ப மரத்துல கிளை வெட்ட அதும்மேல ஏறுவாங்க. அதான் நான் சொன்னேன், ஸ்டூலெல்லாம் வேணாம், சீட்டையும் செங்கல்லுலயே கட்டிப்புடு மேஸ்திரி, மேல ஒரு துண்டு கிரானைட்டு ஒட்டிடு, பேரன் பேத்தி காலம் வரிக்கும் அசையாதுன்னேன். அது ஒண்ணு நான் சொன்னது. நல்லதுக்குத்தான சொன்னேன்?

அசையலதான். அதான் பேஜாரு. டேபிளுக்கும் சீட்டுக்கும் நடுவுல எவ்ளோ எடம் வுடணும்னு பாக்க துலுக்காணம் தானே குந்திப் பாத்திருக்காரு. அந்த ஆளு முருங்கக்கா மாரி இருப்பாரு. எங்க ஊட்டுக்காரருக்கு வவுறு கீது, நெல்லு வெளைவிக்கிறவரு வேற இன்னா பண்ணுவாரு? உள்ள போனா வெளிய வர முடியல. ஒரு பக்கமா திரும்பிக்கினு, பஸ்ஸுல ஓரத்து சீட்டுல மூணாவதா தொத்தினு வர்றவரு கணக்கா, அர மணி நேரத்துல இட்லி துன்னுட்டு எறங்கறாரு. இப்ப இன்னா பண்றாருன்னு கேளு. தட்ட எடுத்தாந்து தரைல வெச்சி, அந்த அய்லேண்டுல முதுக சாச்சிக்கினு குந்தி துன்றாரு. அத்தினி கிரானைட்டும் அவரு முதுகுக்கு ஆச்சி.

இது மீஞ்சூரா? ஆங், மீஞ்சூருதான், இன்னும் தூரம் கீது. தண்ணி கீதா உன்னாண்ட? குடு. ...உஸ்.

இன்னா சொல்லினு இருந்தேன்? ஆங், எண்ணத் தெரியாதவன். அஞ்சு சீட்டு கட்டணும்மா. ஊட்டுல அஞ்சு பேரு. நானு, அவரு, முரளி, நர்மதா, பேத்தி தேவதர்ஷினி. அஞ்சுன்றது பெரிய கணக்கா? ஒரு கையி வெரலு. அதுக்கு மேஸ்திரி மூணு கட்டி வெச்சிட்டாரு. மூணு! செங்கல்லுல கட்டி, கிரானைட்டு ஒட்டி, சிமெண்ட்டு பூசி. இனிமே ரெண்டு சேக்கணும்னா மொத்தத்தையும் இடிக்கணும். அதான் இந்தக் கொக்குக் காலுங்கள இஸ்துக்கினு வர்றேன்.

ஏன் மூணு கட்டனாருன்னா? எனக்கின்னா தெரியும், அவராண்ட கேளு.

இல்ல, அப்பவே ஏன் பாக்கலன்னு கேக்குற, அதானே? சீட்டு கட்டனதே கிரகப்பிரவேசத்துக்கு மூணு நாளு முன்னாடி. நானு ஈரக் கோணி போட்டு மூடி வெச்சிருந்தேன். பூச்சு காயக் கூடாதில்ல, காலைல ஒரு தபா, மதியானம் ஒரு தபா தண்ணி வுடறது எம் பொறுப்பு. நர்மதாவுக்கு அந்த வாரம் ஓவர்டைமு மேல ஓவர்டைமு. வந்தா படுக்கைல வியும், எந்திரிச்சா பஸ்ஸு. அவ கோணிய எடுத்ததே அன்னிக்கித்தான்.

எப்டி எடுத்தான்னு கேளு. அவங்கம்மாவ எளாவூர்லேர்ந்து வரவச்சிக்கினு, பட்டுப் பொடவ கட்டினு, ஊரு சனம் மொத்தம் நிக்கசொல்ல, கையப் புடிச்சி இஸ்தாந்து, 'தோ பாரும்மா, இதுலதான் நாங்க அஞ்சு பேரும் குந்துவோம்'னு சொல்லினே கோணிய எடுக்கறா. ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலாவது கோணி இல்ல. அவங்கம்மா மூணையும் பாக்கறாங்க, பொண்ணையும் பாக்கறாங்க. இன்னா கேக்கறதுன்னு தெரியாம, 'நல்லாக் கீதும்மா கல்லு'ன்னாங்க. கல்லு நல்லாக் கீதாம்.

நர்மதா கத்தல. கத்தியிருந்தா பரவால்ல. மேஸ்திரியாண்ட போயி, 'அண்ணா, நான் அஞ்சு வட்டம் போட்டேனே'ன்னா. அவ்ளோதான். துலுக்காணம் தலையக் குனிஞ்சிக்கினு, 'கணக்கு தப்பிப் போச்சும்மா'ன்னாரு.

முரளி கீறானே, பொண்டாட்டிய பெரிசா சமாதானம் பண்றதா நெனச்சி வாய வுட்டான். எண்ணத் தெரியாதவனெல்லாம் மேஸ்திரியான்னு. நான் சொன்னது இல்ல அது, மொதல்ல அவன் சொன்னது. உனுக்குத் தெரியுமில்ல, எங்க பக்கம் ஊடு கட்டனா கிரகப்பிரவேசத்தன்னிக்கி மேஸ்திரிக்கு தட்டுல வேட்டி துண்டு வெச்சி, வெத்தல பாக்கு வெச்சி, மால போட்டு மொதல்ல மரியாத பண்ணிட்டுத்தான் பந்தி போடுவாங்க. தட்டு ரெடியா கீது. அவரு பொண்டாட்டிகூட வந்து ஓரமா நிக்கிது, தலைல பூ வெச்சிக்கினு. முரளி அந்தத் தட்டத் தூக்கினு உள்ள பூட்டான். துலுக்காணம் சாப்புடல. பொண்டாட்டியக் கூட்டிக்கினு சைக்கிளத் தள்ளிக்கினு போனாரு. ஏறக்கூட இல்ல, தள்ளிக்கினே போனாரு. நான் கதவாண்ட நின்னு பாத்துக்கினு இருந்தேன்.

இப்ப அந்தாளுக்கு வேலயே வர்றதில்ல போல கீது. எண்ணத் தெரியாத மேஸ்திரின்னு டீக்கடைல சொல்லிச் சிரிக்கிறானுங்க. சரி, அது அவரு தலையெயுத்து.

இன்னா அப்டிப் பாக்கற? சொல்றேன் இரு. நர்மதா வுடல. ரெண்டு நாளு கயிச்சி மேஸ்திரிக்கு போன போட்டு, 'உண்மையச் சொல்லுண்ணா, மூணுன்னு யாரு சொன்னது?'ன்னு கேட்டிருக்கா. அந்த மனுசன் பேரச் சொல்லல. 'ஊட்டு மனுசங்க சொன்னாங்கம்மா'ன்னு வெச்சிட்டாரு. ஊட்டு மனுசங்கன்னா யாரு? அவளுக்கு முரளி மேல சந்தேகம். முரளி ஒரு நாளு சும்மா, 'அஞ்சு எதுக்கு, எடத்த அடைச்சிக்கும்'னு சொல்லியிருக்கான். நீதான், நான் இல்ல, நீதான், நான் இல்ல. பதினஞ்சு நாளா இதான் பேச்சு. போன ஞாயித்துக்கெயம, கொய்ந்தய இட்டுக்கினு எளாவூருக்குப் பூட்டா, ஆத்தா ஊட்டுக்கு. 'எனக்கு எடம் இல்லாத ஊட்டுல எனக்கின்னா வேல'ன்னா. அங்கேர்ந்தே வேலைக்கிப் போறா. முரளி கேண்டீன்ல துன்றான். எங்க ஊட்டுக்காரரு தரைல. மூணு சீட்டும் சும்மா கீது. நான் தெனம் தொடைக்கிறேன்.

அவளுக்குத்தான் அவ்ளோ ரோசம்னு நெனைக்கிற. எனக்கும் அப்டித்தான் தோணிச்சி. சீட்டுக்கோசரம் புருசன வுட்டுட்டுப் போறாளே, இவள்லாம் ஒரு பொண்ணான்னு ஊரெல்லாம் சொல்லினு திரிஞ்சேன். பக்கத்து ஊட்டு குணசுந்தரி வாசல்ல குந்தி ஒரு மணி நேரம் சொன்னேன்.

...கவரப்பேட்டையா? தெரியுது, தெரியுது, எங்க ஊருதான். எறங்கல. நீ குந்து, நான் எங்க போவணுமோ அங்க எறங்குவேன். இன்னா, யாரு மூணுன்னு சொன்னதா? நீ இன்னா போலீஸா, அதியே அடிச்சி அடிச்சிக் கேக்குற?

தோ, ரயிலு நவுந்துடுச்சி. போ.

சரி, சொல்றேன். நீ யாரோ நான் யாரோ. நர்மதா அந்த வட்டம் போட்டாளே, அது எப்டின்னா, கொய்ந்தயோட சாக்பீஸ எடுத்து, தரைல டேபிளச் சுத்தி அஞ்சு வட்டம். மொதோ நாளு சாயங்காலம் வேலைலேர்ந்து வந்து, யூனிபாரத்தோட முட்டி போட்டுக்கினு போட்டிருக்கா. காலைல அவ பூட்டா, முரளியும் பூட்டான், அவரு கயனிக்கிப் பூட்டாரு. நான் மேடைக்குத் தண்ணி வுடறதுக்கு பக்கெட்ட எடுத்தினு போனா, வட்டத்துக்குள்ள எயுதி வெச்சிருக்கு. மாமா. முரளி. தேவா. நான். நாலு. அஞ்சாவது வட்டம் அடுப்பாண்ட, எட்டி கொயம்பக் கிண்டலாம், அவ்ளோ கிட்ட. அதுல 'அத்தை'ன்னு எயுதியிருக்கு. அழகா எயுதுவா எங்க நர்மதா.

எனக்கு எப்டி இருந்திச்சின்னு சொன்னா நீ நம்ப மாட்ட. வெக்கமாப் பூட்ச்சி. கல்யாணம் ஆயி வந்து முப்பத்திரண்டு வருசம். மாமியா சாப்ட்டு, மாமனாரு சாப்ட்டு, அவரு சாப்ட்டு, புள்ள சாப்ட்டு, கடசில சட்டிய வயிச்சிப் போட்டுக்கினு அடுப்பாண்ட குந்தித் துன்றவ நானு. யாராச்சும் உள்ள வந்தா தட்ட முந்தானையால மூடிக்குவேன். திருடித் துன்றா மாரி. அவரு எதிர்ல, சரிக்குச் சரியா, நடு ஊட்டுல ஒசந்த சீட்டுல குந்தினு நான் மென்னுக்கினு இருக்கறத நாலு பேரு பாத்தா இன்னா ஆவும்? ச்சீன்னு இருந்திச்சி. பக்கெட்டுத் தண்ணிய அப்டியே எம் பேரு மேல ஊத்தனேன்.

அதோட நின்னிருந்தா நாலு சீட்டு இருந்திருக்கும். நிக்கலியே. அதுக்குப் பக்கத்துலயே 'நான்'னு எயுதியிருக்கு. நான்னா அவ. முப்பத்திரண்டு வருசமா நான் நிக்கசொல்ல, நேத்து வந்தவ குந்துவாளா? நான் போட்டுக்கினே இருக்கணும், அவ துன்னுக்கினே இருப்பாளா? எனக்கு வேணாம்னா அவளுக்கும் வேணாம். கோவம்மா. சத்தியமாச் சொல்றேன், வேற ஒண்ணியும் இல்ல, பொறாமதான். ரெண்டாவது பக்கெட்டு அவ பேரு மேல. பெருக்குமாறால தேச்சிட்டேன்.

துலுக்காணம் வந்து கேட்டாரு. 'எத்தினிம்மா, அஞ்சுன்னு சொன்னாப்ல கீதே'ன்னாரு. மூணுன்னேன். 'குந்தித் துன்றவங்க மூணு பேருதான் மேஸ்திரி, பொம்பளைங்க நாங்க நின்னு போடறவங்க'ன்னேன். அவரு ஈரத் தரையப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. செங்கல்ல எடுத்தாரு.

அன்னிக்கி ஊரு நடுவுல, 'கணக்கு தப்பிப் போச்சும்மா'ன்னு சொல்றதுக்கு முன்னாடியும் அந்தாளு என்னத்தான் பாத்தாரு. இப்பவாச்சும் சொல்லுவாளான்னு. நான் முந்தானைய எடுத்து இடுப்புல சொருவிக்கினேன். அவ்ளோதான் பண்ணேன். அவருக்கு எண்ணத் தெரியும். எனக்குத்தான் தெரியல.

அந்த வேட்டி அவருக்குத்தான். மொதல்ல எளாவூரு. அவளாண்டப் போயி சொல்லிட்டு, அவளையும் கொய்ந்தயையும் கூட்டியாந்து, பிற்பாடு நாலு பேரு எதிர்ல மேஸ்திரிக்கு நானே தட்ட நீட்டணும். வருவாளா? தெரியல. கதவச் சாத்திட்டாலும் சாத்துவா. அவங்கம்மா வேற இருப்பாங்க, 'நல்லாக் கீதும்மா கல்லு'ன்னு சொன்ன அம்மா.

இன்னா எந்திரிக்கிற? கும்முடிப்பூண்டியா? அடப்பாவமே, வந்துடுச்சா? மொத்த ஜனமும் இங்கியே எறங்குது பாரு. இரு, ஒரு நிமிசம் இரு, வண்டி நிக்கும் கொஞ்ச நேரம். இந்த ஸ்டூல ரவ புடி. கடைக்காரன் குந்திப் பாருங்கம்மான்னான், அத்தினி ஆம்பளைங்க எதிர்ல எப்டி ஏறறது? இப்ப பொட்டி காலியாத்தான் கீது. புடிச்சிக்கோ. ஆட்டாத. ...யம்மாடி. யம்மா! கால் எட்டல பாரு. இன்னா ஒசரம். இதுல குந்தினு சோறு எறங்குமா மனுசிக்கி?

இரு, வுட்டுடாத. நீதான் நர்மதான்னு வெச்சிக்கோ. அடுப்பு இங்க. நீ அந்தாண்ட குந்தினு கீற. நான் உம் மூஞ்சப் பாக்கல, ஜன்னலப் பாத்துக்கினே சொல்றேன், அப்பத்தான் வாய் வரும். கேளு. நர்மதா... முரளி மேலயும் தப்பில்ல, மேஸ்திரி மேலயும் தப்பில்ல. நீ போட்ட வட்டத்த அழிச்சது நான்தான். எம் பேரத்தான் மொதல்ல அழிச்சேன். சரியா கீதா? எம் பேரன்றத மொதல்ல சொல்லவா, கடசில சொல்லவா? மொதல்ல சொன்னா பரிதாபம் தேடறா மாரி இருக்குமா?

யம்மா?

பூட்டியா? பூட்டா. சொல்லாம கொள்ளாம பூட்டா. ஸ்டூல வேற வுட்டுட்டா, பாவி, வியுந்து கால ஒடிச்சிக்கினு இருந்தா? இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு ஒருத்தி பேசசொல்ல ரெண்டு நிமிசம் நிக்க முடியாது.

வியலயே. நல்லாத்தான் நிக்கிது.

சரி, எளாவூரு வர்ற வரிக்கும் ஸ்டூல வுட்டு எறங்க வேணாம். நர்மதா, மேஸ்திரி மேல தப்பில்ல. முரளி மேலயும் தப்பில்ல...